மிலார் போர்வை

டிசம்பர் 6

இன்றும் பனி இல்லை.

விடிந்ததும் கதவைத் திறந்து வாசல் புல்லைப் பார்த்தேன். குனிந்து தொட்டும் பார்த்தேன். காய்ந்த புல். ஊட்டியில் இந்த நேரத்துக்கு நீர்ப்பனி முடிந்து உறைபனி தொடங்கியிருக்க வேண்டும். புல் உப்புத் தூவியதுபோல வெளுத்திருக்க வேண்டும். பைக்கின் சீட்டைச் சுரண்டினால் நகத்தில் ஐஸ் வர வேண்டும். ஒன்றும் இல்லை. வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை.

பாப்பாவுக்குத் துணி மாற்றினேன். பனியன், அதன்மேல் பூப்போட்ட ஸ்வெட்டர், அதன்மேல் எமிலி அக்கா பின்னிய பச்சை ஸ்வெட்டர், கால் உறை, கை உறை, மஞ்சள் குல்லா. கம்பளியில் சுற்றிப் படுக்க வைத்தேன். கணப்புச் சட்டியில் கரி போட்டு அறை மூலையில் வைத்தேன். ஜன்னல் மூடியிருக்கிறதா என்று பார்த்தேன்.

மதியம் உருளைக்கிழங்குப் பொரியல். உப்பு போட மறந்துவிட்டேன்.

டிசம்பர் 9

எமிலி அக்கா பக்கத்து வீடு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்வெட்டர் கடை வைத்திருக்கிறாள். கடையை மூடிவிட்டு மத்தியானமே வந்துவிட்டாள்.

"ஏண்டி வாணி, கேட்டியா கதைய? நம்ம ஊர்ல ஃபேன் விக்கிறான். டேபிள் ஃபேன்! எங்கடைக்கு நேர் எதுத்தாப்ல அடுக்கி வச்சிருக்கான். நான் கம்பளியைத் தொங்கவிட்டுட்டு அவன் காத்துல ஆட விட்டுட்டிருக்கேன்."

"யாராவது வாங்கினாங்களாக்கா?"

"ஃபேனா, ஸ்வெட்டரா?"

"ஸ்வெட்டர்."

"ஒரு சென்னைக்காரம்மா வந்தா. கையில எடுத்துப் பாத்தா. எனக்குப் பாத்தாலே வேர்க்குதுன்னு வச்சிட்டுப் போயிட்டா."

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"மஞ்சக் குல்லாவையா போட்டிருக்க? அது பெரியவளுக்குப் பின்னினதுல்ல?"

குல்லாவை இழுத்துப் பாப்பாவின் காதை மூடினேன்.

"அது வேண்டாம்டி. புதுசு ஒண்ணு பின்னித் தர்றேன்."

அடுப்பில் பால் பொங்கிவிட்டது. உள்ளே போனேன். துடைத்துவிட்டு வருவதற்குள் அக்கா போயிருந்தாள்.

டிசம்பர் 13

லாரி தண்ணீர் வரவில்லை.

டிசம்பர் 17

மார்கழி பிறந்துவிட்டது. இவர் வேலை செய்யும் நர்சரியில் இன்று மிலார் மூடினார்களாம். வருஷா வருஷம் செய்வதுதான். கோத்தகிரிப் பக்கம் போய் மிலார்ச் செடியைக் கட்டுக்கட்டாக வெட்டிவந்து, பூ நாற்றுப் பாத்திகளின் மேல் கூரைபோலப் பரப்புவார்கள். இரவில் விழும் பனி மிலாரோடு நின்றுவிடும். நாற்று கருகாது. மாலையில் இவர் வந்தபோது கையெல்லாம் கீறல். சட்டையில் அந்தப் பச்சை வாசனை.

"வெயில் மண்டையப் பிளக்குது. பனியே காணோம். எதுக்குண்ணே மூடணும்னு கேட்டேன். முதலாளி சொல்றாரு, மார்கழின்னா மூடணும், எங்கப்பா காலத்துலேர்ந்து மூடுறோம், நீ மூடு."

"சரிதானே. நாளைக்கே பனி வந்தா?"

இவர் என்னைப் பார்த்தார். பிறகு கையைக் கழுவப் போனார். குவளையில் தண்ணீர் கொடுத்தேன். ஒரு குவளைதான். கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றினார்.

சாப்பிடும்போது, "பாப்பாவுக்குப் பேர் வைக்கணும் வாணி. டேலியான்னு வைப்போமா? எங்க நர்சரியிலயே அதான் அழகு" என்றார். போன வாரம் பான்சி. அதற்கு முந்திய வாரம் பிட்டூனியா.

"பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவாங்க."

"அப்ப நீயே சொல்லு. நீதான பி.ஏ. தமிழ் படிச்சவ."

பார்க்கலாம் என்றேன். பாப்பா என்றே கூப்பிட்டால் போதாதா? பெயர் வைத்துக் கூப்பிட்டால் யாருக்கோ கேட்டுவிடும் என்று இருக்கிறது. யாருக்கு என்று தெரியவில்லை.

டிசம்பர் 22

தகரக் கூரை பகலில் சுட்டுத் தள்ளுகிறது. உச்சி நேரத்தில் படபட என்று முறுக்கிக்கொள்ளும் சத்தம். முன்பெல்லாம் ஏப்ரலில்தான் கேட்போம். என் உதடு வெடித்துவிட்டது. பாப்பாவின் ஸ்வெட்டரைக் கழற்றும்போது சடசடவென்று பொறி பறக்கிறது. அவ்வளவு வறண்ட காற்று. தலையில் இருக்கும் நான்கு முடியும் எழுந்து நிற்கிறது. அவள் பயப்படவில்லை. கண்ணை மட்டும் சிமிட்டினாள்.

குளிப்பாட்டவில்லை. தண்ணீர் இல்லை. துடைத்துவிட்டேன். கழுத்து மடிப்பில் சிவப்பாகப் பொரிப்பொரியாக இருக்கிறது. பவுடர் போட்டேன்.

டிசம்பர் 27

நேற்று இருட்டியதும் குழாயடித் தொட்டிக்குக் காட்டெருமைகள் வந்திருக்கின்றன. பெரியது ஒன்று, குட்டியோடு. தொட்டியில் இருந்த கொஞ்சத் தண்ணீரையும் குடித்துவிட்டுப் போய்விட்டன. இன்று காலையில் குழாயடியில் பெண்கள் எல்லோரும் காலிக் குடத்தோடு நின்று அவற்றின் குளம்புத் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எருமைக்கு மட்டும் தாகம் எடுக்காதா?" என்றாள் ஒருத்தி.

"எடுக்கட்டும். வரிசையில நின்னு குடிக்கச் சொல்லு" என்றாள் எமிலி அக்கா.

எதிர்மலையில் எங்கோ காடு எரிகிறது. புகை வாசனை வீட்டுக்குள் வராமல் ஜன்னல் இடுக்கில் துணி அடைத்தேன். எப்படியும் அடைக்கத்தான் இருந்தேன்.

ஜனவரி 2

புது வருஷத்துக்கு வந்த டூரிஸ்ட்கள் பனி இல்லை என்று திட்டிவிட்டுப் போகிறார்களாம். கேரட் தோட்டங்களில் பூச்சி. தேயிலை துளிர்க்கவில்லை. எல்லோருக்கும் பனி வேண்டும். எமிலி அக்காவுக்கு வேண்டும். இவர் முதலாளிக்கு வேண்டும், போட்ட மிலாருக்காவது வேண்டும்.

எனக்கு வேண்டாம். ஆனால் தினமும் கதவைத் திறந்து பார்க்கிறேன். வரவில்லை என்றால் நிம்மதியாக இருக்க வேண்டுமே. நாளைக்குச் சேர்த்து வரும் என்றுதான் தோன்றுகிறது.

ஜனவரி 5

நர்சரியில் நாற்று அழுக ஆரம்பித்துவிட்டது. மிலாருக்கு அடியில் புழுக்கமாம். இலை மஞ்சளாகித் தண்டு குழைந்து சாய்கிறதாம். இவர் சாப்பிடாமல் தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"எடுத்துரலாம்ணே, மூச்சு விடட்டும்னேன். பனி நாளைக்கு வந்தா நீ பதில் சொல்வியாங்கிறாரு. நாளைக்கு வரப்போற பனிக்குப் பயந்து இன்னைக்கு அவிச்சுக் கொல்றோம்."

ரசத்தில் மிளகு கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"வாணி."

"ம்."

"பாப்பாவுக்கும் ஒரு ஸ்வெட்டரைக் கழட்டேன். பகல்லயாவது. கணப்பு எதுக்கு இப்ப?"

"கழட்டுறேன்."

இவர் கை கழுவப் போனார். நான் கழற்றவில்லை. இவர் வெயிலில் நின்று வேலை செய்கிறவர். குளிர் எந்த நேரத்தில் உள்ளே வரும் என்று இவருக்குத் தெரியாது.

ஜனவரி 8

பாப்பா ரொம்பச் சமர்த்தாகிவிட்டாள். அழுவதே இல்லை. பால் குடிக்கும்போதே தூங்கிவிடுகிறாள். எழுப்பினாலும் கொஞ்சம் சப்பிவிட்டு மறுபடி தூக்கம். பக்கத்தில் எல்லாரும் சொல்கிறார்கள், இந்த வீட்டில் குழந்தை இருப்பதே தெரியவில்லை என்று.

துணியும் குறைவாகத்தான் நனைகிறது. முன்பு வாளி நிறைய இருக்கும். இன்று துவைக்க மூன்றுதான். தண்ணீர் இல்லாத நேரத்தில் அதுவும் ஒரு நல்லதுதான்.

எமிலி அக்கா புதுக் குல்லா கொண்டுவந்தாள். நீலம். "நல்லா இறுக்கி மூடி வை. இந்தக் காஞ்ச காத்து பொல்லாதது" என்றாள். மஞ்சளின் மேலேயே நீலத்தையும் போட்டேன்.

ஜனவரி 10

நாளைக்கு ஜனவரி பதினொன்று.

இவர் கேட்டார், "காலைல நான் போயிட்டு வர்றேன். பூ வச்சுட்டு. நீயும் வர்றியா?"

"பாப்பாவை யார் பாக்கிறது?"

"எமிலிக்கா பாத்துக்குவாங்க. ஒரு வருஷம் ஆச்சு வாணி. நீ ஒரு தடவைகூட வரல."

அரிசி ஊறப்போட வேண்டும் என்றேன். ஊறப்போட்டேன். பிறகு எதற்கு ஊறப்போட்டேன் என்று யோசித்தேன். மாவு இருக்கிறது.

பாப்பாவுக்குப் பெட்டியிலிருந்து இன்னும் இரண்டு ஸ்வெட்டர் எடுத்து வைத்திருக்கிறேன். வெந்நீர்ப் பை. கரி போதுமான அளவு இருக்கிறது. நாளை ஒரு நாள் கடந்துவிட்டால் போதும். நேரமாகிவிட்டது, இவர் விளக்கை அணைக்கச் சொல்கிறார்.

ஜனவரி 13

ஆஸ்பத்திரி. பாப்பா தூங்குகிறாள். கையில் ஊசி, அது அசையாமல் இருக்க அட்டை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அவள் கை அட்டையைவிடச் சின்னது.

நடந்ததை எழுதிவைக்கிறேன்.

பதினொன்றாம் தேதி இவர் கிளம்பிப் போனதும் கதவைச் சாத்தினேன். கணப்பு மூட்டினேன். பாப்பாவை மடியில் வைத்துக் கம்பளியோடு உட்கார்ந்துகொண்டேன். கூரை முறுக்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது. எனக்கு வேர்த்து முதுகில் வழிந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

இவர் வந்து கதவைத் தட்டினார். திறந்தேன். உள்ளே வந்தவர் வாசலிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார், அடுப்பு வாயைத் திறந்ததுபோல இருந்ததாம். பாப்பாவைத் தொட்டுப் பார்த்தார்.

"வாணி, கொதிக்குது! எப்பலேர்ந்து?"

"காய்ச்சலா?"

"பாப்பா. ஏ பாப்பா." கன்னத்தைத் தட்டினார். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? காய்ச்சல் என்றதும் கம்பளியை இன்னும் இறுக்கிச் சுற்றினேன். சத்தம் கேட்டு வந்த எமிலி அக்காவும் தன் சால்வையை உருவி மேலே போர்த்தினாள். அப்படியே தெருமுனையில் நின்ற வாடகை ஜீப்பில் ஏறினோம். இவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். நான் ஏற்றினேன். இறக்கினார். ஏற்றினேன். பிறகு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடி இறங்கியே இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், மலையாளியாக இருக்கும், வயதானவர், மேசையில் பாப்பாவைப் படுக்க வைத்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். சால்வை. கம்பளி. ஒரு ஸ்வெட்டர். இன்னொன்று. சடசடவென்று பொறி. இன்னொன்று. "என்னம்மா இது, வெங்காயம் உரிக்கிற மாதிரி வருது?" என்றார். இன்னொன்று. நீலக் குல்லா. அதற்கடியில் மஞ்சள் குல்லா. கடைசியில் சின்னதாக, சிவப்பாக, பாப்பா. இவ்வளவு சின்னவள் என்று எனக்கு மறந்துபோயிருந்தது.

"கொழந்த பேரு?"

"ஆதிரை" என்றேன்.

நர்ஸ் எழுதப் போனார். இவர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். முன்னால் வந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "அது மூத்ததோட பேரு சிஸ்டர். அது இல்ல இப்ப. போன வருஷம் இதே நாள். இதுக்கு இன்னும் பேரு வைக்கல" என்றார்.

நர்ஸ் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார். என் பெயரைக் கேட்டு, அதற்கு முன்னால் 'பேபி ஆஃப்' என்று போட்டுக்கொண்டார்.

டாக்டரம்மா சின்ன வயது. கிருமிக் காய்ச்சல் மாதிரி தெரியவில்லை, சூடு தாங்காமல் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது, அதனால்தான் மயக்கம், அதனால்தான் துணி நனையவில்லை என்று சொன்னார். நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றும் சொன்னார். மேசையில் குவிந்திருந்ததைப் பார்த்தார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இந்த வருஷம் குளிரே இல்லையேம்மா. யாருக்கு இவ்வளவும் போட்டீங்க?"

நான் மஞ்சள் குல்லாவை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 14

பாப்பா இன்று அழுதாள். நர்ஸ் வந்து, "ஆங், அழட்டும், அழட்டும்" என்று சிரித்தார். துணி நனைந்திருந்தது. நர்ஸ் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "சபாஷ்" என்றார்.

வராண்டாவில் இவர் டீ வாங்கிவந்து கொடுத்தார். பெஞ்சில் உட்கார்ந்தோம். போன வருஷமும் இதே பெஞ்ச்தான் என்று நினைக்கிறேன். பெயின்ட் மாற்றியிருக்கிறார்கள்.

"ஜன்னலால இல்ல வாணி."

நான் டீயைப் பார்த்தேன்.

"கரிப் புகை போகட்டும்னு நீ கொஞ்சம் திறந்து வச்ச. அதுல தப்பில்ல. திறக்காம விட்டிருந்தா அன்னைக்கே மூணு பேரும் போயிருப்போம். அவளுக்கு நுரையீரல்ல முன்னாடியே சளி கட்டியிருந்துச்சு. டாக்டர் என்கிட்ட சொன்னாங்க. நான் உன்கிட்ட சொன்னேன். நீ கேக்கல."

"கேட்டேன்."

"கேட்டியா?"

"காதுல விழுந்துச்சு."

இவர் என் டீயை வாங்கிக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. ஆடையை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தார்.

ஜனவரி 17

வீட்டுக்கு வந்தாயிற்று. பொங்கல் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டது. எமிலி அக்கா கரும்பு ஒரு துண்டு எடுத்து வைத்திருந்தாள். அது காய்ந்து கட்டையாகியிருந்தது.

"நானும்தானடி மூடு மூடுன்னு சொன்னேன். கம்பளி விக்கிறவ கம்பளியத்தான் சொல்வா. எம்புத்திய..." அக்கா அழுதாள். நான் அவள் முதுகைத் தடவினேன். எனக்கு அழுகை வரவில்லை. போன வருஷமும் வரவில்லை.

"கடை எப்படிக்கா?"

மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஸ்வெட்டரையெல்லாம் மேல கட்டி ஏத்திட்டேன். இப்ப நன்னாரி சர்பத். ஃபேன் கடைக்காரன்தான் முதல் போணி."

ஜனவரி 21

பனியன் மட்டும். அதன்மேல் ஒரு பருத்திச் சட்டை. சாயங்காலமானால் ஒரு ஸ்வெட்டர். டாக்டரம்மா அப்படித்தான் சொல்லியிருக்கிறார். அவளைச் சும்மா படுக்கப் போட்டிருந்தால் ஆடையில்லாமல் விட்டதுபோல இருக்கிறது. பகலெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்து கால் சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன். இல்லை. தொடும்போதெல்லாம் உதைக்கிறாள்.

கணப்புச் சட்டியை இவர் கொல்லைப்பக்கம் எடுத்துப்போய்க் கவிழ்த்துவைத்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

ஜனவரி 26

லாரி வந்தது. சண்டை. நான்கு குடம் கிடைத்தது. ஒன்றரைக் குடம் துணிக்கே போய்விட்டது. அவ்வளவு துணி. கை வலிக்கப் பிழிந்து கொடியில் போட்டேன். காய்ந்த காற்றில் இரண்டாவதைப் போடுவதற்குள் முதலாவது காய்ந்துவிடுகிறது.

பிற்பகலில் ஜன்னலைத் திறந்தேன். ஒரு விரல் அளவுக்கு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மூடினேன்.

ஜனவரி 29

ஒரு கை அளவுக்கு.

பிப்ரவரி 3

முதலாளி ஒருவழியாக மிலாரை எடுக்கச் சொல்லிவிட்டார். பாதி நாற்று போய்விட்டது. மீதிப் பாதி வெளுத்துப்போய்க் கிடக்கிறதாம், கட்டுப் பிரித்த கைபோல. "இனிமே பனி எங்க வரப்போகுது, மாசி வரப்போகுதுன்னாரு" என்றார் இவர். எடுத்த மிலாரை அடுப்புக்கு ஒரு கட்டு கொண்டுவந்தார். நன்றாக எரிகிறது.

டேலியா மட்டும் தாக்குப்பிடித்துவிட்டதாம். இரண்டு மொட்டுகூட வந்திருக்கிறதாம். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பெயரைப் பற்றி இந்தத் தடவை கேட்கவில்லை.

பிப்ரவரி 9

பனி விழுந்தது.

விடியும்போது இவர் வெளியிலிருந்து கூப்பிட்டார். "வாணி, வந்து பாரு." குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. எழுந்தேன். பாப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போனேன்.

புல் முழுக்க வெள்ளை. பைக் சீட்டு வெள்ளை. எமிலி அக்கா வாசலில் வைத்திருந்த சர்பத் பெட்டியின் மேல் வெள்ளை. அக்கா கதவைத் திறந்து பார்த்து, தலையில் கைவைத்துக்கொண்டு, "அட பாவி, இப்பத்தான் வர்றியா? எல்லாத்தையும் மேல ஏத்திட்டேனே!" என்று பனியைப் பார்த்துக் கத்தினாள்.

இவர் நர்சரிக்கு ஓடினார். நான் செருப்பில்லாமல் இறங்கிப் புல்லின்மேல் நின்றேன். காலடியில் நொறுங்கியது. குளிர்ந்தது. குளிர் கணுக்கால் வரை ஏறியது. அதற்குமேல் என்னமோ வரும் என்று காத்திருந்தேன். வெயில் வந்தது. புல் நுனியில் வெள்ளை சொட்டாகி இறங்கியது. அவ்வளவுதான். போன வருஷமும் இப்படித்தான் வெயில் வந்து உருகியிருக்கும். நான் பார்க்கவில்லை.

இவர் திரும்பி வந்தார். கை மண்ணாக இருந்தது.

"டேலியா?"

"மேல எல்லாம் கருகிருச்சு. மொட்டும்." திண்ணையில் உட்கார்ந்தார். "தோண்டிப் பாத்தேன். கிழங்கு நல்லாருக்கு. தண்ணி காட்டினா வந்துரும்."

உள்ளே பாப்பா அழ ஆரம்பித்தாள். நான் போனேன். ஸ்வெட்டர் ஒன்றை எடுத்துப் போட்டேன், பச்சை. பையில் இருந்த மஞ்சள் குல்லாவை எடுத்தேன். முகர்ந்து பார்த்தேன். கம்பளி வாசனை மட்டும்தான் இருந்தது. ஆதிரையின் வாசனை இல்லை. மடித்துப் பெட்டிக்குள், அவளுடைய மற்ற துணிகளோடு வைத்தேன். அப்போதுதான் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. துடைக்காமல் வேலையைப் பார்த்தேன். நீலக் குல்லாவைத் தேட வேண்டியிருந்தது.

அதற்குள் தொட்டிலில் அழுகை ஏறிவிட்டது.

"இரு டேலியா, இதோ வந்துட்டேன்" என்றேன்.

வாசலில் இவர் எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவள் அழுகையை நிறுத்தவில்லை. தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும்.